'காள்' என்றால் தரைகூட இருக்காது: நெதர்லாந்துச் சிற்றூரில் வாடகைக்கு வீடு எடுப்பது எப்படி

"நெதர்லாந்துக்கு வேலை மாற்றலாகிப் போகிறோம், வீடு எப்படிப் பார்ப்பது அக்கா?" என்று இந்த ஆண்டில் மட்டும் மூன்று குடும்பங்கள் கேட்டுவிட்டன. ஒவ்வொருவருக்கும் கைப்பேசியில் ஒரு மணி நேரம் சொல்கிறேன், பேசி முடித்து வைத்த பிறகுதான் விட்டுப்போனது நினைவுக்கு வருகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து கிளம்பிப் போய், உட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஹௌட்டன் என்ற சின்ன ஊரில் இரண்டரை ஆண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வந்தோம். ஹௌட்டனில் ஏறத்தாழ 50,000 பேர்தான். ஈசூனோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு மூலை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் வீவக என்ற அரசு அடுக்குமாடி வீடோ தனியார் கொண்டோவோ வாடகைக்கு எடுத்த பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். இங்கே ஏஜெண்டைப் பிடித்து, ஒரே நாளில் நாலு வீடு பார்த்து, பிடித்த வீட்டுக்கு முன்பணத்தைக் கட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் சாவி கைக்கு வந்துவிடும். அங்கே உங்கள் தாள்கள் தயாராக இருக்கின்றனவா, விளம்பரத்தில் உள்ள ஐந்தாறு டச்சுச் சொற்களுக்கு உங்களுக்கு அர்த்தம் தெரியுமா என்பதுதான் பாதி வேலை.

எந்த ஊர் என்பதைப் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாமில் வேலை என்றால் ஆம்ஸ்டர்டாமிலேயே வீடு தேட வேண்டும் என்று நினைத்துப் பல பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். நாடே சின்னது, ரயிலும் நன்றாக ஓடுகிறது, அதனால் ஊரைவிட ஸ்டேஷனைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ரயில் இரண்டு வகை. 'ஸ்பிரிண்டர்' எல்லா நிலையத்திலும் நிற்கும், 'இன்டர்சிட்டி' சின்ன ஊர்களைத் தாண்டிப் போய்விடும். ஹௌட்டனில் ஸ்பிரிண்டர் மட்டும்தான் நிற்கும், ஆனாலும் உட்ரெக்ட் மத்திய நிலையத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. உட்ரெக்ட் நாட்டின் நடு மையம் என்பதால் அங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். உட்ரெக்டில் வேலை என்றால் வூர்டன், குலம்போர்க், ப்ரூக்கலன் ஆகிய ஊர்களையும் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் பக்கம் என்றால் வேஸ்ப், அப்கௌட, பர்மரெண்ட். வேஸ்ப் 2022-ல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆனாலும் தனி ஊர் மாதிரிதான் இருக்கும். ரோட்டர்டாமுக்கும் தி ஹேகுக்கும் நடுவில் பைனாக்கர் இருக்கிறது, அங்கே மெட்ரோ நிற்கும்.

இங்கிருந்து போகிற பொறியாளர்கள் நிறையப் பேர் சில்லு தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்துக்குத்தான் போகிறார்கள். அது இருப்பது ஐந்தோவன் நகரத்தை ஒட்டிய வெல்ட்ஹோவனில். வெல்ட்ஹோவனில் ரயில் நிலையமே கிடையாது. அதனால் பெஸ்ட், ஹெல்ட்ராப் போன்ற ஊர்களில் வீடு எடுத்தால் ரயிலில் ஐந்தோவன் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும், நேரடி ரயிலா, ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, இந்த நான்கையும் பாருங்கள். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொள்ளலாமே என்று கணக்குப் போட வேண்டாம். வேலை நாட்களில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரையும், மாலை நான்கிலிருந்து ஆறரை வரையும் முழு அளவுச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, மடக்குகிற சைக்கிள் என்றால் பரவாயில்லை. ஹௌட்டனில் ரயில் மேடைக்கு நேர் கீழேயே பெரிய சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கிறது. ஊருக்குள் கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக வேண்டுமென்றால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும், சைக்கிளுக்கு மட்டும்தான் நேர்வழி. பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் மகள் எட்டு வயதில் தனியாகப் பள்ளிக்குச் சைக்கிளில் போனாள்.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன். எங்களுக்குப் பணம் போனது இந்த இடத்தில்தான்.

அங்கே வாடகை வீடு மூன்று வகை. 'காள்', 'ஹெஸ்டொஃபேர்ட்', 'ஹெமெய்பிலேர்ட்'. மூன்றாவது, நாம் நினைக்கிற மாதிரி கட்டில் மேசையோடு வரும் வீடு. இரண்டாவதில் தரைவிரிப்பும் திரைச்சீலையும் இருக்கும், தட்டுமுட்டுச் சாமான்கள் இருக்காது. முதலாவது, கே, இரண்டு ஏ, எல் என்று நான்கே எழுத்து. 'காலி வீடு' என்று நாங்கள் புரிந்துகொண்டோம். வீவகவில் காலி வீடு என்றாலும் தரையில் டைல்ஸ் இருக்கும், கூரையில் விளக்கு இருக்கும் அல்லவா?

சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வெறும் சிமெண்ட். ஓரங்களில் பழைய கம்பளத்தை உரித்தெடுத்த பசை வரிவரியாகக் காய்ந்து கிடந்தது. கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின. முன்னறை ஜன்னல் சுவர் முழுக்கக் கண்ணாடி, திரை மாட்டும் கம்பிகூட இல்லை, எதிர்வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நவம்பர் மாதம். பிள்ளையின் காலுறை வழியாகக் குளிர் ஏறியது. யாரும் எங்களை ஏமாற்றவில்லை, விளம்பரத்தில் அந்த நான்கு எழுத்தும் இருந்தன. எங்களுக்குத்தான் தெரியவில்லை. தரைக்கு லேமினேட், விளக்கு, திரைச்சீலை எல்லாம் சேர்த்து ஒரு மாத வாடகைக்கும் மேலே போய்விட்டது, முதல் ஒன்பது நாள் மெத்தையைச் சிமெண்டிலேயே போட்டுப் படுத்தோம்.

அதனால் 'காள்' என்று பார்த்தால் உடனே கேளுங்கள்: இப்போது இருப்பவர் தரையை விட்டுவிட்டுப் போவாரா? பழைய குடியிருப்பாளரிடமிருந்து தரை, திரை, சில நேரம் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வதற்கு 'ஓவர்நாம' என்று பெயர். அங்கே இது ரொம்பச் சாதாரணம். என்னென்ன பொருள், என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்களே தரை போடுவதாக இருந்து, அது மாடி வீடாகவும் இருந்தால், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்கும் அடிவிரிப்பு வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வாடகைத் தொகையிலும் இதே கவனம் வேண்டும். 'காள ஹூர்' என்பது வெறும் வீட்டு வாடகை. 'சர்விஸ்கோஸ்டன்' அதற்கு மேல், பொது மாடிப்படி விளக்கு, துப்புரவு போன்றவற்றுக்கு. எரிவாயு, தண்ணீர், மின்சாரம் பெரும்பாலும் தனி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற தொகையை மட்டும் பார்த்து மாதச் செலவைக் கணக்கிட்டால் தவறும். கூடவே வீட்டின் எரிசக்தி முத்திரையைப் பாருங்கள், ஏ-யிலிருந்து ஜி வரை எழுத்து கொடுத்திருப்பார்கள். இங்கே குளிர்சாதனக் கட்டணத்தை நினைத்துப் பயப்படுகிற மாதிரி அங்கே ஹீட்டர். முத்திரை எஃப், ஜி என்று இருந்தால் வாடகை குறைவாகத் தெரிந்தாலும் குளிர்காலத்தில் அந்த லாபம் கரைந்துவிடும்.

இன்னொன்று, புள்ளிக் கணக்கு. பரப்பளவு, எரிசக்தி முத்திரை, சமையலறை, குளியலறை, தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, அந்த மொத்தத்தை வைத்து வாடகைக்கு உச்சவரம்பு போடுகிறார்கள். 2024 ஜூலை 1-ல் நடப்புக்கு வந்த கட்டுப்படியான வாடகைச் சட்டத்தின்படி 186 புள்ளி வரைக்கும் இந்த வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால்தான் சந்தை விலை. 186 புள்ளி வீட்டுக்கு 2025-ல் வரம்பு மாதம் 1,184.82 யூரோவாக இருந்தது. 2025 தொடக்கத்திலிருந்து போடப்படும் ஒப்பந்தங்களோடு வீட்டு உரிமையாளர் இந்தப் புள்ளிக் கணக்கையும் சேர்த்துத் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாடகை அதிகம் என்று தோன்றினால் குடிபோன ஆறு மாதத்துக்குள் 'ஹூர்கமிஸி' என்ற வாடகைத் தீர்ப்பகத்தில் முறையிடலாம். புதிதாகப் போன நமக்கு அதிகாரிகளிடம் போகத் தயக்கம் வரும். தயங்க வேண்டாம், வாடகைக்கு இருப்பவர்களுக்காகவே வைத்திருக்கிற இடம் அது.

தேடுவதற்கு பராரியஸ், ஃபுண்டா ஆகிய இரண்டு தளங்கள் போதும். 'சோசியாலே ஹூர்' என்ற மானிய வாடகை வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசை, புதிதாக வருபவர்களுக்கு அது எட்டாது, 'ஃப்ரையே செக்டர்', அதாவது சந்தை விலை வாடகை, என்று போட்டிருப்பவற்றையும் நடுத்தர வாடகை வீடுகளையும் பாருங்கள். புதிய வீடு வந்தால் உடனே அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் நேரம் குளிர்காலத்தில் நம்மைவிட ஏழு மணி நேரம் பின்னால், கோடையில் ஆறு. காலை ஒன்பதுக்கு அங்கே ஏஜெண்ட் அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை நான்கு அல்லது மூன்று. இது நமக்கு வசதிதான், வேலையில் இருந்தாலும் ஐந்து நிமிடம் ஒதுங்கிப் பேசிவிடலாம். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், கூப்பிடுங்கள். நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள், சிலரை மட்டும்தான் வீட்டைப் பார்க்கக் கூப்பிடுவார்கள்.

அந்தச் சிலரில் ஒருவராக வேண்டுமென்றால் தாள்களை ஒரே கோப்பாக முன்கூட்டியே கட்டி வையுங்கள். வேலை ஒப்பந்தம், முதலாளி தரும் வேலைச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டு நகல், இங்கே வாடகைக்கு இருந்திருந்தால் பழைய உரிமையாளரின் நற்சான்று. வரிக்கு முந்தைய மாதச் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கிலிருந்து நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்கிறார்கள். அதோடு, யார் வருகிறோம், என்ன வேலை, எத்தனை ஆண்டு இருப்போம் என்று பத்து வரியில் ஒரு கடிதம். கடவுச்சீட்டு நகலை அப்படியே அனுப்பாதீர்கள். அரசாங்கமே 'கோப்பி ஐடி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. அதில் அடையாள எண்ணை மறைத்து, யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்த நகல் என்று மேலேயே எழுதி அனுப்பலாம்.

பணத்துக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்கு, வீடு பிடித்தவுடன் விருப்பக் கடிதத்தோடு ஒரு மாத முன்பணத்தைக் கொடுத்து 'வீட்டைப் பிடித்து வைப்பது' இயல்பு. ஒப்பந்தம் பிறகுதான் வரும். அதே பழக்கத்தில் அங்கே யாராவது 'முதலில் பணம் அனுப்புங்கள், வீட்டை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்' என்றால் நமக்குச் சந்தேகமே வராது. அங்கே அது மோசடிக்காரர்கள் பேசுகிற பேச்சு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புவார், இன்றே கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும், இப்படி எது வந்தாலும் விலகிவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, பார்க்காத வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை அனுப்பிவிட்டு ஸ்கிபோல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அந்த முகவரியில் வேறொரு குடும்பம் பல ஆண்டாகக் குடியிருந்தது. மனைவியும் கைக்குழந்தையும் பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள். வீட்டை நீங்களோ உங்கள் சார்பில் நம்பகமான ஒருவரோ நேரில் பார்த்து, ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் பணம். சந்தேகம் இருந்தால் 'கடாஸ்டர்' என்ற நிலப்பதிவேட்டில் சில யூரோ கட்டி, அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

டெபாசிட், வெறும் வாடகையின் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 2023 ஜூலையில் வந்த சட்டம் அது. உரிமையாளருக்காக வேலை செய்கிற ஏஜெண்ட் உங்களிடமும் தரகு கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 'நிர்வாகக் கட்டணம்' என்று வேறு பெயரில் வந்தாலும் என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தம் 2024 ஜூலையிலிருந்து பொதுவாகக் காலவரையறை இல்லாததுதான், சில விதிவிலக்குகள் உண்டு. உரிமையாளர் நினைத்தபோது உங்களை வெளியேற்ற முடியாது. நீங்கள் வெளியேற வழக்கமாக ஒரு மாத முன்னறிவிப்பு போதும். இங்கே போல, வேலை மாற்றலானால் முன்கூட்டியே வெளியேற விடும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற நிபந்தனையை எழுதிச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் முதல் 12 மாதம் போகக் கூடாது என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, 'இன்ஸ்க்ரைவன்'. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த முகவரியில் நகராட்சியில் பெயர் பதியலாமா? நான்கு மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில், அவர்கள் 'ஹெமேந்த' என்பார்கள், பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிந்தால்தான் பிஎஸ்என் என்ற அரசு அடையாள எண் கிடைக்கும். அது இருந்தால்தான் சம்பளம், வரி, மருத்துவக் காப்புறுதி எல்லாம் ஒழுங்காக நடக்கும். பதிய முடியாது என்று சொல்கிற வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதல் மாதம் தற்காலிகமாகத் தங்குகிற இடத்துக்கும் இதே கேள்விதான்.

இதற்கு இங்கேயே செய்துகொண்டு போக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலர் மறக்கிறார்கள். நகராட்சி பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் கேட்கும், அவற்றில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி போடும் அத்தாட்சி முத்திரை, இருக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சான்றிதழ்களுக்கு 2021 செப்டம்பர் 16 முதல் அந்த முறை நடப்பில் இருக்கிறது, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவில் வாங்கலாம். ஆனால் நீங்கள் தஞ்சாவூரிலோ மதுரையிலோ பிறந்தவர் என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டில்தான் செல்லும், அதற்கு ஊரில் யாராவது அலைய வேண்டும். விமானச் சீட்டு எடுக்கும் முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

சாவி வாங்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுங்கள், மின்சார மீட்டர், எரிவாயு மீட்டர், தண்ணீர் மீட்டர் மூன்றின் எண்களையும் சேர்த்து. அதை அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படி செங்குத்தாக, ஏணி மாதிரி இருக்கும், பெரிய அலமாரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

சமையல் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட். பிளக்தான் வேறு, இரண்டு உருண்டை முள். அதனால் மிக்ஸி, சோறு குக்கர் எல்லாம் எடுத்துப் போகலாம், பிளக்கை மாற்றினால் போதும். பல வீடுகளில் சமையலறை வரவேற்பறையோடு திறந்தே இருக்கும். 2022 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிப்பான் கட்டாயம். முதல் நாள் ரசத்துக்கு மிளகாயும் கடுகும் தாளித்தேன், வீடே அலறியது. வெளிக்காற்று வரும்படி ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு மேலே உள்ள உறிஞ்சியைப் போட்ட பிறகு எண்ணெயைக் காய வையுங்கள். எச்சரிப்பானை மட்டும் கழற்றாதீர்கள். கறிவேப்பிலை, வெண்டைக்காய், மொச்சை எல்லாம் சுரினாம், இந்தோனேசியக் கடைகளில் கிடைக்கும், 'டோக்கோ' என்று பலகை இருக்கும். உட்ரெக்டில் லொம்பொக் வட்டாரத்துக் கானால்ஸ்ட்ராட் தெருவுக்குப் போனால் வாரக் காய்கறி முழுவதும் வாங்கிவிடலாம், தேக்கா சந்தைக்குப் போய்வந்த மாதிரி மனது நிறையும்.

இங்கே போல மாடியிலிருந்தே குப்பையைப் போடும் குழாய் வழி அங்கே கிடையாது. காய்கறிக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், மிச்சக் குப்பை எல்லாம் தனித்தனி, நகராட்சி எந்த நாளில் எதை எடுக்கும் என்று அட்டவணை தரும். குப்பைக்கும் நீர்வாரியத்துக்கும் ஆண்டு வரிச்சீட்டு உங்கள் பெயருக்கு வரும், அது வாடகையில் அடங்காது. முதல் ஆண்டில் அதற்கென்று கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

திரும்பி வரும்போது முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள், உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள், முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்திருங்கள். பிடித்தம் எதுவும் இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த 14 நாளில் டெபாசிட் திரும்ப வர வேண்டும், பிடித்தம் இருந்தால் 30 நாளில், கணக்கோடு. நாங்கள் போட்ட லேமினேட் தரையையும் திரைச்சீலையையும் அடுத்து வந்த குடும்பம் எடுத்துக்கொண்டது. அதற்கான தாளில் அவர்கள், நாங்கள், வீட்டு உரிமையாளர் மூவரும் கையெழுத்துப் போட்டோம். அது இல்லாமல் இருந்திருந்தால் தரையைப் பெயர்த்தெடுத்து, வீட்டைப் பழையபடி வெறும் சிமெண்டாகத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.